வங்கித் தேர்வில் பொது அறிவும் ஆங்கிலமும்

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் எல்லோரும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. ஐவர் மட்டுமே விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்றனர். நள்ளிரவில் மணமகன் வரும் குரல் கேட்டபோது மற்ற ஐவரும் எண்ணெய் கேட்டுக் கை நீட்டினர். கொடுப்பாரில்லை. கடைக்குப் போய் வாங்கி வருவதற்குள் கதவு அடைக்கப்பட்டுவிட்டது.

போட்டித் தேர்வுகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த உவமை நம் மனத்தில் எழுகிறது. தேர்வுக்கு வேண்டியவற்றுள் சிலவற்றைக் கடைசி நேரத்திலும் தேடிக்கொள்ளலாம். கணக்கின் குறுக்கு வழிகளையும், புதிர்களை விடுவிக்கும் முறைகளையும் மூன்று மாதப் பயிற்சி வகுப்பில் ஓரளவு கற்றுவிட முடியும். பொது அறிவும் ஆங்கிலமும் அப்படியல்ல. அவை நாள்தோறும் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டிய எண்ணெய். தோழியிடம் கடன் வாங்க முடியாது. தேர்வுக்கு முந்தின வாரம் கடையிலும் கிடைக்காது.

வங்கித் தேர்வு எழுதுவதற்குப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். "நாம் இன்னும் பள்ளியிலேயே இருக்கிறோமே, இப்போதே எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். இடையில் உள்ள அந்த ஐந்தாறு ஆண்டுகளே நம் கையில் இருக்கும் பெரிய முதல். அதை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி என்று காண்போம்.

தேர்வின் அமைப்பு

2020 ஏப்ரலில் நடந்த இணைப்புகளுக்குப் பின் நம் நாட்டில் பன்னிரண்டு பொதுத்துறை வங்கிகள் உள்ளன. பாரத ஸ்டேட் வங்கி தன் பணியாளரைத் தானே தேர்வு வைத்து எடுக்கிறது. மற்ற பதினொரு வங்கிகளுக்கும் ஐ.பி.பி.எஸ். என்னும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் பொதுத் தேர்வு நடத்துகிறது. எழுத்தர் பணிக்கும் அதிகாரி பணிக்கும் முதல்நிலை, முதன்மை என்று இரண்டு தேர்வுகள் உண்டு.

முதல்நிலைத் தேர்வு ஒரு மணி நேரம், நூறு வினாக்கள். அதில் ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். அதாவது ஒரு வினாவுக்கு நாற்பது நொடி. பொது அறிவு முதல்நிலையில் இல்லை. முதன்மைத் தேர்வில்தான் வருகிறது. எழுத்தர் பணியைப் பொறுத்தவரை இறுதிப் பட்டியலை முடிவு செய்வது முதன்மைத் தேர்வின் மதிப்பெண்களே. வினாக்களின் எண்ணிக்கையும் நேரமும் அவ்வப்போது மாற்றப்படுவதால், அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்துக்கொள்வது முதல் கடமை.

இங்கே இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே குறைந்த அளவு மதிப்பெண் பெற்றாக வேண்டும். கணக்கில் முதலாவதாக வரும் மாணவியும் ஆங்கிலத்தில் அந்த எல்லைக்கோட்டைத் தொடாவிட்டால் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இரண்டாவது, எழுத்தர் தேர்வை ஆங்கிலம், இந்தி அல்லாமல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்துவதென 2021-இல் முடிவாயிற்று. ஆதலால் கணக்கையும் பொது அறிவையும் நாம் தமிழிலேயே படித்து விடையளிக்கலாம். ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

ஆகவே தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு முன்னே நின்ற பல சுவர்கள் இடிந்து, ஒரே ஒரு சுவர் மிஞ்சியிருக்கிறது. அந்த ஒன்றைக் கண்டு அஞ்சி விண்ணப்பமே போடாமல் இருந்துவிடும் பெண்கள் எத்தனை பேர்! தேர்வில் தோற்பதைவிட இது வருந்தத்தக்கது. அச்சம் நீங்குவதற்கு ஓர் உண்மையை நினைவில் வைத்தால் போதும். அங்கே நம்மை ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றச் சொல்லவில்லை. படித்துப் புரிந்துகொள்ளவும், பிழை எது என்று கண்டுபிடிக்கவுமே கேட்கிறார்கள்.

பொது அறிவு: வீட்டிலுள்ள பாடநூல்

பொது அறிவு என்றதும் தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறோம். பத்தாம் பக்கம் வருவதற்குள் சலித்துவிடுகிறது. நம் வீட்டு அலமாரியிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும் பாடநூலை நாம் பார்ப்பதில்லை.

அப்பாவின் வங்கிப் பாஸ்புத்தகத்தை எடுத்துப் பார்ப்போம். அதில் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு அச்சாகியிருக்கும். அதில் பதினோர் எழுத்துகளும் எண்களும் உண்டு. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது சுழியம், கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். காசோலையின் அடியில் உள்ள எம்.ஐ.சி.ஆர். எண்ணுக்கு ஒன்பது இலக்கம். முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. காசோலை தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்கே செல்லும். 2012 ஏப்ரலுக்கு முன் அது ஆறு மாதமாக இருந்தது. வங்கி நொடித்துப் போனாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு என்பது 2020 பிப்ரவரியில் வந்த மாற்றம். அதற்கு முன் அது ஒரு லட்சமே.

அடுத்து ரூபாய்த் தாள்கள். பத்து ரூபாய்த் தாளின் பின்புறம் கோனார்க் சூரியன் கோயில், இருபதில் எல்லோரா குகைகள், ஐம்பதில் ஹம்பியின் கல் தேர், நூறில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி ஸ்தூபி, ஐந்நூறில் செங்கோட்டை. இந்தத் தாள்களில் கையெழுத்திடுபவர் ரிசர்வ் வங்கி ஆளுநர். ஒரு ரூபாய்த் தாள் மட்டும் மத்திய அரசு வெளியிடுவது. அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். காய்கறி வாங்கப் போகும் வழியிலேயே இத்தனையும் படித்துவிடலாம் அல்லவா?

ஆண்டுகளைத் தனித்தனியே உருப்போடுவது மணலை அள்ளிக் கையில் வைப்பது போன்றது, விரலிடுக்கில் ஒழுகிவிடும். கதையாகக் கோத்து வைத்தால் நிற்கும். சென்னையில் 1843-இல் மதராஸ் வங்கி தோன்றியது. அது வங்காள வங்கி, பம்பாய் வங்கி ஆகியவற்றோடு சேர்ந்து 1921-இல் இம்பீரியல் வங்கி ஆயிற்று. அந்த இம்பீரியல் வங்கியே 1955 ஜூலை முதல் நாள் பாரத ஸ்டேட் வங்கியாகப் பெயர் பெற்றது. பாட்டி, தாய், மகள் போன்ற ஒரு குடும்பக் கதை இது.

இன்னொரு கதை: 1906-இல் சென்னையில் அர்பத்நாட் என்னும் ஆங்கிலேய நிறுவனம் நொடித்தது. பலருடைய சேமிப்பு போயிற்று. நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். காரணம் தெரிந்துவிட்டால் ஆண்டு மறப்பதில்லை.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் முதல் நாள் பணி தொடங்கியது; 1949 ஜனவரி முதல் நாள் அரசுடைமை ஆயிற்று. 1969 ஜூலை 19-இல் பதினான்கு வங்கிகளும், 1980-இல் மேலும் ஆறு வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. கிராமங்களுக்குக் கடன் போய்ச் சேர வேண்டும் என்று 1975-இல் வட்டார ஊரக வங்கிகளும், 1982-இல் நபார்டு வங்கியும் வந்தன. அதே நபார்டு 1992-இல் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அம்மா வாரந்தோறும் போய் வரும் மகளிர் குழுவும் வங்கித் தேர்வின் பாடம்தான். அம்மாவிடம் கேட்டால் குழுவின் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாவற்றையும் புத்தகத்தைவிடத் தெளிவாகச் சொல்லித் தருவார்.

ஆங்கிலம்: தமிழே ஏணி

ஆங்கில இலக்கணம் கடினம் என்கிறோம். நமக்கு முன்பே தெரிந்த தமிழ் இலக்கணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் பாதி வழி எளிதாகிவிடும். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

ஒன்று: 'ஏ', 'தி' என்னும் சொற்கள் எங்கே வரும் என்பது பலருக்குக் குழப்பம். பாட்டி கதை சொல்லத் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள்." முதன்முதலாக அறிமுகம் ஆகும்போது 'ஒரு', அதுவே ஆங்கிலத்தின் 'ஏ'. தெரிந்தவரைப் பற்றி மறுபடி சொல்லும்போது 'அந்த', அதுவே 'தி'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும் பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும். கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தச் சொல்லும் வினாவுக்கும் இதுவே துப்பு. 'ஏ கிங்' என்று வரும் வாக்கியம் முன்னே. 'தி கிங்' என்றோ 'ஹீ' என்றோ தொடங்கும் வாக்கியம் பின்னே.

இரண்டு: 'தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ஆர் ஆன் தி டேபிள்' என்பது பிழை. ஏன்? தமிழில் சொல்லிப் பார்ப்போம். "நூல்களின் பட்டியல் மேசைமேல் இருக்கிறது." 'இருக்கின்றன' என்று நாம் சொல்வதில்லை, எழுவாய் பட்டியல், நூல்கள் அல்ல. அதுபோல் ஆங்கிலத்திலும் 'ஆர்' நீங்கி 'இஸ்' வர வேண்டும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபை ஆறாம் வகுப்பிலிருந்தே நாம் படித்து வருகிறோம். அதே போல் 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று எழுதுவோர் பலர். "என் தோழிகளில் ஒருத்தி" என்று தமிழில் பன்மை வருகிறதே! ஆகவே 'ஃபிரெண்ட்ஸ்'.

மூன்று: 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டும் எப்போது? "2020 முதல்" என்றால் தொடங்கிய காலம், 'சின்ஸ்'. "மூன்று ஆண்டுகளாக" என்றால் காலத்தின் நீளம், 'ஃபார்'. 'முதல்' வந்தால் 'சின்ஸ்', 'ஆக' வந்தால் 'ஃபார்' என்று குறித்துக்கொள்வோம்.

நான்கு: ஏணி வழுக்கும் இடங்களும் உண்டு. "அதைப் பற்றி விவாதித்தோம்" என்னும் தமிழை நினைத்து 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்பதிலேயே 'பற்றி' அடங்கிவிட்டது, 'அபௌட்' வேண்டாம். 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை. "எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்பதை 'ஐ ஆம் ஹேவிங்' என்று எழுதுவது பிழை. 'ஐ ஹாவ்' என்பதே சரி. பிழை காணும் வினாக்களில் இத்தகையவை அடிக்கடி வரும். நாம் செய்யும் பிழைகளுக்கென்றே ஒரு குறிப்பேடு வைத்தால், அதுவே நமக்கேற்ற இலக்கண நூலாகிவிடும்.

சொல்வளத்துக்கு ஒரு வழி உண்டு. நம் கோவில்களில் இலத்தீன் பாடல்களைக் கேட்டிருக்கிறோம். விசுவாச அறிக்கையின் இலத்தீன் முதற்சொல் 'க்ரேதோ'. நம்புகிறேன் என்பது பொருள். வங்கியில் வழங்கும் 'க்ரெடிட்' என்னும் சொல் அந்த வேரிலிருந்து வந்ததே. கடன் என்பது நம்பிக்கையின் மேல் நிற்பது அல்லவா? நம்பத்தக்கது 'க்ரெடிபிள்', நம்ப முடியாதது 'இன்க்ரெடிபிள்'. திருப்பலியில் பாடும் 'சாங்க்துஸ்' என்னும் சொல்லுக்கும், வங்கி கடனை அனுமதிப்பதைச் சொல்லும் 'சாங்ஷன்' என்னும் சொல்லுக்கும் வேர் ஒன்றே. 'பாக்ஸ்' என்றால் அமைதி. 'பேஸிஃபை' என்றால் அமைதிப்படுத்து. இப்படி வேரைப் பிடித்தால் ஒரே இழுப்பில் ஐந்தாறு சொற்கள் வந்துவிடும்.

ஒரு வரி, இரண்டு பாடம்

பொது அறிவையும் ஆங்கிலத்தையும் தனித்தனியே படிக்க நேரம் இல்லையே என்று வருந்த வேண்டாம். ஓர் ஆங்கில நாளிதழ் இரண்டுக்கும் போதும். பள்ளி நூலகத்திலேயே கிடைக்கும். நாளிதழில் அடிக்கடி வரும் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'தி ரிசர்வ் பேங்க் ஹாஸ் கெப்ட் தி ரெப்போ ரேட் அன்சேஞ்ச்ட்.'

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஆங்கிலம். 'ஹாஸ் கெப்ட்' என்பது இப்போதுதான் முடிந்த செயலைச் சொல்லும் காலம். 'கீப்' என்பதன் மூன்றாம் வடிவம் 'கெப்ட்'. எழுவாய் 'பேங்க்' ஒருமை. ஆதலால் 'ஹாவ்' அல்ல, 'ஹாஸ்'. 'அன்' முன்னே வந்தால் எதிர்ப்பொருள்.

வலப்பக்கத்தில் பொது அறிவு. ரெப்போ என்றால் என்ன? வங்கிகள் அரசுப் பத்திரங்களைக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குப் பெறும் பணத்தின் வட்டி விகிதம். அது உயர்ந்தால் நம் வீட்டுக் கடனின் வட்டியும் உயரும். கடன் வாங்குவோர் குறைவர். விலைவாசி ஏற்றம் தணியும். அதை முடிவு செய்வது யார்? 2016-இல் அமைந்த பணக் கொள்கைக் குழு. உறுப்பினர் அறுவர், மூவர் ரிசர்வ் வங்கியினர், மூவர் மத்திய அரசு நியமிப்பவர். இருபுறமும் சமமானால் ஆளுநரின் கூடுதல் வாக்கு முடிவு செய்யும்.

ஒரே ஒரு வரியில் எத்தனை செய்தி! நாளுக்கு இப்படி ஒரு வரி போதும். ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் ஆகிவிடும். ஒரு விதியை மட்டும் கடைப்பிடிப்போம்: புரியாததைக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது. ஆசிரியையிடம் கேட்டுப் புரிந்துகொண்ட பின்பே எழுத வேண்டும். விருதுகள், நியமனங்கள் போன்ற நடப்புச் செய்திகள் பழசாகிவிடும். அவற்றைத் தேர்வுக்கு முந்தின ஆறு மாதம் ஊன்றிப் படித்தால் போதும். வங்கி இயங்கும் முறையும் வாசிக்கும் பழக்கமும் அவ்வளவு எளிதில் பழசாவதில்லை.

ஊகிக்கலாமா?

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பார்கள். ஒரு வினாவுக்கு ஐந்து விடைகள் தருவது வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வினாக்களுக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, நான்கு தவறு. வரவு ஒன்று, செலவு நான்கு கால், மிச்சம் சுழியம். ஆகவே குருட்டு ஊகத்தால் பயனில்லை, நேரம்தான் வீண். ஐந்தில் இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் கணக்கு மாறுகிறது. அப்படி மூன்று வினாக்களுக்குக் குறித்தால் ஒன்று சரி, இரண்டு தவறு. மிச்சம் அரை மதிப்பெண். அரைகுறை அறிவுக்கும் மதிப்பு உண்டு, அதை நேர்மையாக எடைபோடத் தெரிந்தால்.

நாள் ஒழுங்கு

நாளுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குவோம். நாளிதழுக்கு இருபது, குறிப்பேட்டுக்குப் பத்து, நேற்று எழுதியதை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கப் பத்து. சனிக்கிழமை மாலை நான்கு தோழியர் கூடி, ஒருத்தி கேட்க மற்றவர் விடை சொல்வது நல்ல பழக்கம். மாதம் ஒரு முறை கடிகாரத்தை முன்வைத்து, ஒரு பத்தியைப் படித்துச் சில வினாக்களுக்கு விடை எழுதிப் பார்க்கலாம். முதல் மாதம் பாதிதான் சரியாக வரும். மனம் தளர வேண்டாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

ஆங்கில இலக்கியம் படித்து, 1977-இல் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா, 2013-இல் அவ்வங்கியின் முதல் பெண் தலைவரானார். ரஞ்சனா குமார் 2000-இல் இந்தியன் வங்கியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, நட்டத்தில் கிடந்த வங்கியை இலாபத்துக்குத் திருப்பினார். நாம் எல்லோரும் அந்த உயரத்தை எட்டாமல் போகலாம். ஆயினும் ஒரு பெண் தன் பெயரில் மாதச் சம்பளம் வாங்கித் தாயின் கையில் கொடுக்கும் நாள், அந்த வீட்டுக்கு எத்தனை பெரிய நாள்! தங்கையின் படிப்பு நிற்காது. கடன்காரர் குரல் வாசலில் கேட்காது. தன் வாழ்வைப் பற்றிய முடிவுகளில் அவள் சொல்லுக்கும் ஓர் இடம் இருக்கும்.

கதவு எந்த நாளில் திறக்கும் என்று நமக்குத் தெரியாது. திறக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். இன்று மாலை நூலகத்துக்குப் போவோம். ஒரு வரி படிப்போம். ஒரு சொட்டு எண்ணெய் சேர்ப்போம். மற்றவற்றை இறைவன் பார்த்துக்கொள்வார்.